கொலை வழக்கில் ஆயுள் தண்டனை: சிறைத் தொழில், கூலி, முன்விடுதலை, மறுவாழ்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு மத்திய சிறைகளில் கொலை, கொலை முயற்சி போன்ற வழக்குகளில் நீண்ட தண்டனையில் இருப்பவர்களின் வீட்டாரும், அவர்களிடையே பணிசெய்ய வரும் தன்னார்வலர்களும், சட்டம் படிக்கும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை. உள்ளே செய்யும் வேலையால் மட்டும் யாரும் மீண்டுவிடுவதில்லை. அந்த வேலை பதிவேட்டில் ஏற வேண்டும், விடுதலைக் கோப்பில் இடம்பெற வேண்டும், வெளியே பிழைக்கவும் உதவ வேண்டும். இந்தத் தொடர்பு எங்கெங்கே அறுகிறது என்பதைத்தான் பெரும்பாலான பதில்களில் சொல்லியிருக்கிறோம்.

ஆயுள் கைதி கட்டாயம் வேலை செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். ஆயுள் தண்டனை என்பது கடுங்காவல் தண்டனைதான் என்று நாயிப் சிங் வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பில் ‘கடுங்காவல்’ என்ற சொல் இல்லை என்று காட்டி வேலையை மறுக்க முடியாது.

விசாரணைக் கைதியை வேலை வாங்கக் கூடாது. வெறுங்காவல் (வேலை விதிக்காத சிறை) தண்டனை பெற்றவர் விரும்பினால் செய்யலாம். அவர் வேலையில் சுணங்கினால் உணவு அளவை மாற்றுவதற்கு மேல் தண்டிக்க முடியாது என்று 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே சொல்கிறது.

அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. குஜராத் அரசு எதிர் குஜராத் உயர் நீதிமன்றம் வழக்கில் (1998) இதற்கு விடை இருக்கிறது. நீதிமன்றம் கடுங்காவல் விதித்த பிறகு வேலை வாங்குவது 23-ஆவது பிரிவை மீறுவதாகாது. ஆனால் அந்த வேலைக்கு நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும். 1908-இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்த காலத்தில் உழைப்பே தண்டனையாக இருந்தது. 1919-20 சிறைக் குழுவின் அறிக்கைதான் திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று இந்தியச் சிறை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது.

ஆயுள் என்றால் 14 வருடம்தானே?

இல்லை. நாங்கள் அதிகம் கேட்கும் தவறான செய்தி இதுதான். சில சமயம் வழக்கறிஞர்களே சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆயுள் தண்டனை சாகும்வரைதான். கோபால் விநாயக் கோட்சே வழக்கில் (1961) இது தீர்மானமாயிற்று. 14 ஆண்டு என்பது விடுதலை செய்யும் நாள் அல்ல. அதற்கு முன் விடக் கூடாது என்ற தடைதான் அது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு 1978 டிசம்பர் 18 முதல் அமலில் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 475-ஆவது பிரிவு. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவர்கள் 14 ஆண்டு உள்ளே இருந்து முடித்திருக்க வேண்டும் என்கிறது அது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கொலைக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில் 302, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 103) மரண தண்டனை விதிக்கலாம் என்பதால் இந்தத் தடை பொருந்தும். கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு (304) ஆயுள் கிடைத்திருந்தால் பொருந்தாது, ஏனெனில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை கிடையாது. தீர்ப்பு நகலில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

‘இருபது வருடம்’ என்றும் ஒரு கணக்கு ஊரில் உலவுகிறது. தண்டனையின் பகுதிகளைக் கணக்கிட மட்டும் ஆயுளை 20 ஆண்டாகக் கொள்ளச் சொல்லும் பிரிவு (ஐ.பி.சி. 57) அது. விடுதலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரண்டு கொலைக்கு இரண்டு ஆயுள் விதிக்கப்பட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுமா? ஓடாது. முத்துராமலிங்கம் வழக்கில் (2016) அரசியல் சாசன அமர்வு, ஒருவருக்கு ஓர் ஆயுள்தான் என்று முடித்துவைத்தது. ஆனால் ‘25 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு கூடாது’ என்பது போல உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ நிபந்தனை போட்டிருந்தால் அது செல்லும். ஸ்ரீஹரன் வழக்கு (2015) அந்த அதிகாரத்தை உறுதிசெய்தது.

அந்த 14 ஆண்டில் எந்த நாட்கள் சேரும், எவை சேராது?

விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். ஆயுள் கைதிக்கும் இப்படித் தண்டனையில் கழித்துக்கொள்ளும் உரிமை (விசாரணைக்காலக் கழிவு) உண்டு என்பது பகீரத் வழக்கில் (1985) முடிவானது. ஜாமீனில் இருந்த நாட்கள் சேராது. பரோலில் (சிறை விடுப்பில்) போன நாட்களும் 14 ஆண்டில் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்காகவும் நன்னடத்தைக்காகவும் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு நாட்களும் இந்த 14-க்குள் வராது.

கைது தேதி, ஜாமீனில் வந்த தேதி, மீண்டும் உள்ளே போன தேதி, ஒவ்வொரு விடுப்பும் தொடங்கிய, முடிந்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வேறு சிறைக்கு மாற்றும்போது விசாரணைக்காலக் கழிவு விடுபட்டுப்போவது உண்டு. அதைக் கண்டுபிடிக்க இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

அப்படியானால் வேலை செய்து சம்பாதிக்கும் தண்டனைக் குறைப்பால் என்ன லாபம்?

குறிப்பிட்ட ஆண்டுத் தண்டனை பெற்றவருக்கு நேரடி லாபம். பத்தாண்டு பெற்றவர் மாதாமாதம் சேர்க்கும் நாட்கள் கடைசியில் அப்படியே கழியும்.

ஆயுள் கைதிக்கு அப்படிக் கழியாது, ஏனென்றால் கழிப்பதற்கு முடிவு தேதி என்று ஒன்றில்லை. முன்விடுதலைக் கோப்பு எழுதும்போது அந்த நாட்கள் வேறு விதமாகப் பேசும். ‘தொடர்ந்து வேலை செய்தார், குறைப்பு ரத்தாகவில்லை’ என்ற வரி வலுவானது. உள்ளே ஒரு சண்டையில் மாட்டிச் சிறை விதிகளின்படி தண்டிக்கப்பட்டால் அந்த வரி போய்விடும். கைபேசியோ கஞ்சாவோ பிடிபட்டால் புது வழக்கே பதிவாகும். அது கோப்பை வருடக்கணக்கில் இழுத்துவிடும்.

எந்த வேலை யாருக்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

சிறைக் கண்காணிப்பாளர். உள்ளே வந்ததும் மருத்துவப் பரிசோதனை, பிறகு வழக்கின் தன்மை, தண்டனைக் காலம், முன் வழக்குகள், தப்பியோடிய வரலாறு, உள்ளே பகையாளிகள் இருக்கிறார்களா என்பதெல்லாம் பார்க்கப்படும். புதிய ஆயுள் கைதிக்கு முதலில் கிடைப்பது பிளாக் துப்புரவு, தோட்டம், சமையற்கூடம் போன்ற வேலைகள். தொழிற்கூடத்துக்குப் போக நடத்தையும் வேண்டும், இடமும் காலியாக வேண்டும்.

தொழில் சிறைக்குச் சிறை வேறுபடும். கோவை நெசவுக்கும் வேலூர் காலணிக்கும் பெயர்போனவை. தையல், பேக்கரி, அச்சு, காகிதப் பொருட்கள், மருத்துவக் கட்டுத்துணி என்று மற்ற சிறைகளிலும் பிரிவுகள் உண்டு. சீருடைத் துணியும் காலணியும் பெரும்பாலும் அரசுத் துறைகளுக்கே போகின்றன. பொதுமக்களுக்கு விற்பது ‘பிரீடம்’ என்ற பெயரில் நடக்கும் சிறை அங்காடி.

வீட்டார் கேட்க மறக்கும் ஒன்றைச் சொல்கிறோம். உள்ளே எந்தத் தொழில் காலியாக இருக்கிறதோ அதைவிட, ஊரில் எந்தத் தொழிலுக்கு ஆள் தேவையோ அதைக் கேட்டு மனு கொடுங்கள். ராமநாதபுரத்துக்காரர் பத்து வருடம் தறி நெய்துவிட்டு ஊர் திரும்பினால் அங்கே தறி இருக்காது. தையல், சமையல், பேக்கரி, மின்சாரம், குழாய் வேலை எல்லா ஊரிலும் செல்லுபடியாகும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் அது கேட்டதாகவே ஆகாது.

சாதி பார்த்து வேலை ஒதுக்குவது நிற்கவில்லையா?

சட்டப்படி நின்றுவிட்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், பல மாநிலச் சிறை விதிகளில் இருந்த சாதி அடிப்படையிலான வேலைப் பிரிவினையை ரத்து செய்தது. துப்புரவை ஒரு சாதிக்கும் சமையலை இன்னொரு சாதிக்கும் ஒதுக்கும் விதிகள் செல்லாது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கான கட்டமே இருக்கக் கூடாது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி ஒன்று உண்டு. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனியே வைப்பதை எதிர்த்த வழக்கை 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மோதலைத் தவிர்க்க என்ற காரணத்தை ஏற்றுக்கொண்டது. அந்த வாதத்தோடு உடன்பட முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடைமுறைச் சிக்கலும் பொய்யல்ல. 2021 ஏப்ரலில் அதே சிறையில் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். பகையாளிகளைப் பிரித்துவைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தந்த வழக்கையும் ஆளையும் பார்த்துப் பிரிப்பது ஒன்று, சாதிப் பட்டியலை வைத்துப் பிரிப்பது வேறொன்று. இரண்டாவது, வெளியே கொலைக்குக் காரணமான அதே கோட்டை உள்ளேயும் கிழித்துக்கொடுக்கிறது. தென்மாவட்ட வழக்குகளைத் தெரிந்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

எத்தனை மணி நேரம் வேலை?

1894 சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அவசரமென்றால் கண்காணிப்பாளர் எழுத்தில் அனுமதிக்க வேண்டும். உண்மையில் ஒன்பது மணி நேரம் நடப்பதே அரிது. காலையில் கைதிகளின் எண்ணிக்கை, மதியம் எண்ணிக்கை, மாலையில் வெளிச்சம் போகுமுன் லாக்கப் (அறையில் அடைத்துப் பூட்டுவது) என்று நாள் நறுக்கப்படுகிறது. நூல் வரவில்லை, மின்சாரம் இல்லை, மேற்பார்வைக் காவலர் நீதிமன்றக் காவலுக்குப் போய்விட்டார் என்று மீதியும் போகும்.

அதே பிரிவில் பலருக்குத் தெரியாத பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. வேலை செய்யும் கைதியின் எடையை 15 நாளுக்கு ஒருமுறையாவது பார்த்து அவருடைய ஹிஸ்டரி டிக்கெட்டில் (கைதிக்கான தனிப் பதிவுச் சீட்டில்) மருத்துவ அலுவலர் எழுத வைக்க வேண்டும். வேலையால் உடல் கெடுகிறது என்று மருத்துவ அலுவலர் கருதினால் அந்த வேலையிலிருந்து மாற்ற வேண்டும். எடை தொடர்ந்து இறங்குகிறது, முதுகுவலி, பஞ்சுத்தூசியால் மூச்சிரைப்பு என்றால் வேலை மாற்றம் கேட்பதற்கு இதுதான் பிடி.

கொலைக் கைதியின் கையில் கத்தியும் கத்தரியும் கொடுப்பது ஆபத்தில்லையா?

கொடுப்பதில் ஆபத்தில்லை. கணக்கில்லாமல் கொடுத்தால்தான் ஆபத்து. ஒழுங்காக நடக்கும் தொழிற்கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் எண் பொறித்திருக்கும். சுவர்ப் பலகையில் கருவியின் உருவம் வரைந்து, அதன்மேல் அது மாட்டியிருக்கும். எடுப்பவர் தன் டோக்கனை அந்த இடத்தில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். வேலை தொடங்கும்போதும், மதியச் சாப்பாட்டுக்கு முன்பும், மூடும்போதும் எண்ணிக்கை. ஒன்று குறைந்தால் ஒருவரும் வெளியேறக் கூடாது. உடைந்த பிளேடின் இரண்டு துண்டையும் ஒப்படைத்தால்தான் புதியது.

தவறு நடப்பது பெரும்பாலும் முழுக் கருவியில் அல்ல, கழிவில்தான். தகரத் துண்டு, தறிக் கம்பி, முறிந்த ஊசி, தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பு ஆகியவற்றை யாரும் எண்ணுவதில்லை. கழிவுத் தொட்டியை எடைபோட்டு அன்றன்றே அப்புறப்படுத்தாத தொழிற்கூடத்தில் கருவிப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

இன்னொன்று: கொலை வழக்கில் வந்தவர்தான் எல்லோரிலும் ஆபத்தானவர் என்ற எண்ணம் சரியல்ல. வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை, குடிபோதை என்று ஒரே சம்பவத்தில் உள்ளே வந்த பலருக்கு அதற்கு முன் வழக்கே இருந்திருக்காது. நீண்ட காலம் அங்கேயே வாழவேண்டியவர்கள் என்பதால் சிறையின் ஒழுங்கைப் பெரும்பாலும் இவர்கள்தான் தாங்கிப்பிடிக்கிறார்கள்.

கூலி எவ்வளவு? கைக்கு எவ்வளவு வரும்?

திறன் உள்ளவர், ஓரளவு திறன் உள்ளவர், திறன் இல்லாதவர் என்று மூன்று படியில் நாள்கூலியை அரசு அரசாணை மூலம் நிர்ணயிக்கிறது. அவ்வப்போது மாற்றப்படுவதால், நடப்பு அரசாணையைச் சிறை நல அலுவலரிடம் கேட்டுப் பெறுங்கள்.

1998 தீர்ப்பு மூன்று விஷயங்களைச் சொன்னது. கூலி நியாயமாக இருக்க வேண்டும். உணவு, உடைச் செலவை அதில் கழித்துக்கொள்ளலாம். ஒரு பகுதியை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு ஒதுக்கச் சட்டம் செய்யலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 200 ரூபாய், மாதம் 22 நாள் வேலை என்றால் 4,400 ரூபாய். பராமரிப்புக்குப் பாதி பிடித்தால் 2,200. பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 880. மீதம் 1,320. இதுவும் ரொக்கமாகக் கைக்கு வராது, கைதியின் பெயரிலுள்ள கணக்கில் ஏறும். அதிலிருந்து சிறை கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கலாம், வீட்டுக்கும் அனுப்பலாம்.

கணக்கு சுருங்கும் இடம் விகிதத்தைவிட நாட்கள்தான். 22 நாள் என்பது நல்ல மாதம். மூலப்பொருள் வராத நாள், நீதிமன்றத்துக்கு அழைத்துச்சென்ற நாள், மருத்துவமனை நாள், விடுமுறை எதற்கும் கூலி கிடையாது. வேறு சிறைக்கு மாற்றினால் புது இடத்தில் மறுபடி திறனில்லாதவர் படியிலிருந்தே தொடங்க நேரிடலாம். மாற்றத்தின்போது திறன் சான்றும் கணக்கு இருப்பும் கூடவே போகின்றனவா என்று மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) போகும் நாளில் கேளுங்கள்.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். பாதிக்கப்பட்டோர் நிதிக்குப் பிடிப்பது நியாயம். பராமரிப்பு என்று பாதியைப் பிடிப்பது அப்படியல்ல. வேலையே செய்யாத கைதிக்கும் அதே சோறுதான். உழைப்பவரிடம் மட்டும் சோற்றுக்குக் காசு வாங்கினால், உழைக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று சிறையே கற்றுக்கொடுத்ததாக ஆகும்.

செத்துப்போனவரின் குடும்பத்துக்கு இதில் என்ன?

கூலியில் பிடிக்கும் பணம் தனி நிதியாகச் சேர்கிறது. அதுபோக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ (இப்போது 396) பிரிவின்படி, பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கப்படாத வழக்கிலும் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் தேவைப்படும். இப்படி ஒரு வழி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

வேலை செய்தால் ஆள் திருந்திவிடுவாரா?

வேலை நாளைக் கழிக்க உதவும், கைத்தொழில் தரும், வீட்டுக்குப் பணம் அனுப்பும் மானத்தைத் தரும். கோபத்தை அடக்க அது கற்றுத்தராது. பத்து வருடம் அமைதியாகத் தறி நெய்தவர், பரோலில் வந்த மூன்றாம் நாள் மதுக்கடை வாசலில் பழைய எதிரியைப் பார்த்தால் என்ன செய்வார் என்பதற்குத் தறியில் பதில் இல்லை.

வன்முறைக் குற்றவாளிகள் எல்லோரும் ஒரே இனம் அல்ல. குடித்துவிட்டு மனைவியை அடித்தே கொன்றவருக்குக் குடிநோய்ச் சிகிச்சையும், பெண்ணைப் பற்றிய அவருடைய எண்ணத்தைக் கேள்விகேட்கும் உரையாடலும் வேண்டும். உள்ளே குடிக்காமல் இருந்தது சிகிச்சை ஆகாது, கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். கூலிக்குக் கொலை செய்தவருக்கு வருமானமும் வேறு கூட்டாளிகளும் வேண்டும். பழிக்குப் பழி வழக்கில் வந்தவர் மனம் மாறினால் மட்டும் போதாது. எதிர்த்தரப்பும் மாற வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு ஊரில் குடியேற வேண்டும்.

குற்றவாளிகளின் மறுவாழ்வு பற்றிய ஆய்வுகளில் உறுதியாக நிற்கும் முடிவு ஒன்று உண்டு: மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்குத் தீவிரப் பயிற்சி கொடுத்தால் பலன் தெரியும். வாய்ப்புக் குறைந்தவர்களை அவர்களோடு சேர்த்து அதே பயிற்சியில் போட்டால் நிலைமை கெடவும் கூடும். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். நல்ல பிள்ளையாக இருப்பவரைத்தான் எல்லா வகுப்புக்கும் அனுப்புகிறார்கள், முரடர் செல்லிலேயே கிடக்கிறார்.

தன்னார்வலர்களுக்கு: பிரமுகரை அழைத்து ஒருநாள் யோகாவும் உரையும் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட அதே குழுவை வாரந்தோறும் சில மாதங்கள் சந்தியுங்கள். சண்டை மூண்ட ஒரு நிமிடத்தை எடுத்து, அதற்கு முன் என்ன நினைத்தார், உடம்பில் என்ன தெரிந்தது, எங்கே விலகியிருக்கலாம் என்று படிப்படியாகப் பேசவைத்து நடித்தும் பாருங்கள். ‘நான் திருந்திவிட்டேன்’ என்று மேடையில் சொல்லவைக்காதீர்கள். அதைச் சொல்லக் கற்றுக்கொள்வது மிக எளிது.

பெட்ரோல் பங்க், திறந்தவெளிச் சிறை ஆகியவற்றுக்கு யாரை எடுக்கிறார்கள்?

தண்டனையில் கணிசமான பகுதியை முடித்தவர், விடுப்பில் போய் ஒழுங்காகத் திரும்பியவர், தப்பியோடிய வரலாறோ நிலுவை வழக்கோ இல்லாதவர். கொலை வழக்கு என்பது மட்டும் தடையில்லை.

இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகள் புழல், வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் உண்டு. புழலில் பெண் கைதிகளுக்கான பங்க் 2023-இல் திறக்கப்பட்டது. பங்க் வேலையின் அருமை பெட்ரோல் போடுவதில் இல்லை. முகம் தெரியாதவர் அவசரப்படுத்துவார், திட்டுவார், சில்லறைக்குச் சண்டை போடுவார். பணத்தை எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சிறைக்குள் எந்தத் தொழிற்கூடத்திலும் கிடைக்காத பயிற்சி இது.

கோவை சிங்காநல்லூரிலும் சிவகங்கை மாவட்டம் புரசடைஉடைப்பிலும் திறந்தவெளிச் சிறைகள் உள்ளன. அங்கே விவசாய வேலை. விவசாயக் குடும்பத்துக்காரர் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்.

விடுப்பில் வர என்ன செய்ய வேண்டும்?

1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி இரண்டு வகை. நெருங்கிய உறவினரின் சாவு, கடும் நோய், திருமணம் போன்றவற்றுக்கு அவசர விடுப்பு. குறிப்பிட்ட காலம் தண்டனை அனுபவித்த பிறகு, வீடு பழுதுபார்த்தல், பிள்ளைகள் படிப்பு, பயிர் வேலை போன்றவற்றுக்குச் சாதாரண விடுப்பு.

மனுவோடு காரணத்துக்கான சான்று, தங்கப்போகும் முகவரி, பொறுப்பேற்பவரின் உறுதிமொழி வேண்டும். நன்னடத்தை அலுவலரும் காவல் நிலையமும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். ‘ஊரில் சட்டம் ஒழுங்கு பிரச்சினை வரும்’ என்ற ஒரு வரியில்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன. சம்பவம் நடந்த ஊர் வேண்டாம், மாமியார் ஊரிலோ அக்கா வீட்டிலோ தங்குவார் என்று முகவரி கொடுத்தால் அந்த வரியை எழுதக் காரணம் குறையும். குறித்த நேரத்துக்குத் திரும்பாமல் போனால் அடுத்த விடுப்பு, குறைப்பு நாட்கள், தொழிற்கூட இடம், திறந்தவெளிச் சிறை எல்லாம் போய்விடும்.

முன்விடுதலைக் கோப்பு எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது?

சிறையில் முன்மொழிவு தயாராகும். நன்னடத்தை அலுவலர், காவல்துறை அறிக்கைகள் வரும். பிறகு ஆலோசனைக் குழு, சிறைத்துறைத் தலைமை, உள்துறை என்று போகும். அரசு தன் சட்ட அதிகாரத்தில் விடலாம். 14 ஆண்டு முடியாதவர்களை அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரத்தின் வழியாகத்தான் விட முடியும். 433-ஏ அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும் என்று மாரு ராம் வழக்கு (1980) சொன்னது. பேரறிவாளன் வழக்கில் (2022 மே 18) உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் அழுத்திச் சொன்னது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2018 பிப்ரவரி 1 அன்று வந்த 64-ஆம் எண் அரசாணை, பத்தாண்டு முடித்த ஆயுள் கைதிகளுக்கு இந்த வழியில்தான் கதவு திறந்தது.

பரிசீலனையில் பார்க்க வேண்டியவற்றை லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு (2000) பட்டியலிட்டது. குற்றம் சமூகத்தையே பாதித்ததா, தனிப்பட்டவர்களுக்கு இடையே நடந்ததா? மீண்டும் நடக்குமா? குற்றம் செய்யும் திறனை இழந்துவிட்டாரா? இனியும் உள்ளே வைப்பதில் பயனுண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன? நிராகரிப்பு ஆணையில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் ‘காவல்துறை எதிர்ப்பு’ என்று மட்டும் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க வழியுண்டு.

கோப்பு நிற்கும் வழக்கமான காரணங்கள் சில. அபராதம் கட்டாமல் இருப்பது: விடுதலை ஆணை வந்த பிறகும் அபராதத்துக்குப் பதிலான தண்டனையை உள்ளேயே கழிக்க நேரிடும், ஆகவே முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்டி ரசீதைச் சிறையில் கொடுங்கள். வேறொரு நிலுவை வழக்கில் பிடிவாரண்டு: யாரும் கவனிக்காத சின்ன வழக்காக இருந்தாலும் வெளியே விடமாட்டார்கள். தவறான மாநிலத்துக்கு மனு: தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த அரசுக்குத்தான் அதிகாரம் என்று பில்கிஸ் பானு வழக்கில் 2024 ஜனவரி 8 அன்று தீர்ப்பு வந்தது. பாலக்காட்டில் தண்டனை பெற்றவர் கோவைச் சிறையில் இருந்தாலும் முடிவெடுக்க வேண்டியது கேரள அரசு.

விடுதலைக் கொள்கை நடுவில் மாறினால், தண்டனை விதித்த நாளில் இருந்த கொள்கை பொருந்தும். பிறகு வந்தது தாராளமானது என்றால் அதன் பயனும் கிடைக்கும் (ஜகதீஷ் வழக்கு, 2010). கொள்கை நடைமுறையில் உள்ள மாநிலம், தகுதி வந்தவர்களை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், மனு கொடுங்கள்.

ஆட்கொணர்வு மனுவில் முன்விடுதலை கேட்கக் கூடாது என்பது நிலோபர் நிஷா வழக்கில் (2020) முடிவானது. மனுவைப் பரிசீலித்து ஆணையிடக் கோரும் நீதிப்பேராணைதான் சரியான வழி. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

வெளியே வந்த முதல் மாதத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

விடுதலையாகும் அன்றே விடுதலைச் சான்று, தொழில் சான்று, மருத்துவக் குறிப்பு, கணக்கிலிருந்த பணம் நான்கையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பின்னால் வாங்க அலைச்சல். திறன் சான்றில் சிறையின் பெயர் பெரிதாக இருந்தால் வேலை கேட்கும் இடத்தில் காட்டத் தயங்குவார்கள். அரசுத் தொழிற்பயிற்சித் தேர்வு எழுதி வாங்கிய சான்றாக இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு விடுதலைக்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்பே பதிவுசெய்ய வேண்டும்.

ஆதாரில் கைபேசி எண்ணைப் புதுப்பிப்பது முதல் வேலை, மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. பிறகு குடும்ப அட்டையில் பெயர். இரண்டாண்டுக்கு மேல் புழங்காத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். அடையாளச் சான்று கொடுத்தால் மீட்கலாம். பத்தாண்டுக்கு மேல் புழங்காத பணம் ரிசர்வ் வங்கி நிதிக்குப் போயிருந்தாலும் அந்த வங்கிக் கிளை வழியாகவே திரும்பப் பெறலாம். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டைத் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

சிறை மீண்டோர் நலச் சங்கம் மூலம் சிறுதொழிலுக்கு உதவி கேட்கலாம். ‘ஏதாவது உதவி’ என்று எழுதினால் கோப்பு தூங்கும். தையல் இயந்திரம் ஒன்று, மோட்டார், கத்தரி, துணி முதலீடு, கடை முன்பணம் என்று விலைப்பட்டியலோடு எழுதுங்கள். விண்ணப்பத்தை நன்னடத்தை அலுவலர் வழியாக, வெளியே வருவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

மனு கொடுத்தும் பதிலே இல்லை என்றால்?

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி மையம் சிறைக்குள்ளேயே உண்டு. மாவட்ட நீதிபதி சிறையைப் பார்வையிட வரும்போது நேரில் கொடுக்கலாம். வெளியிலிருந்து வீட்டார், தகவல் உரிமைச் சட்டத்தில் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு எழுதி நான்கு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: இதுவரை கழித்த மொத்தக் காலம் எத்தனை ஆண்டு, மாதம், நாள், அதில் விசாரணைக்காலம் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது, முன்விடுதலை முன்மொழிவு எந்தத் தேதியில், எந்த எண்ணில் அனுப்பப்பட்டது, இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது. கைதி எண், வழக்கு எண், தண்டனை விதித்த நீதிமன்றத்தின் பெயர் மூன்றையும் மேலே எழுத மறக்காதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே சட்டத்தில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். இந்த இரண்டு தாள்களின் நகலும் உயர் நீதிமன்ற மனுவோடு இணைக்கப் பயன்படும்.